தண்ணி மெதுவாக வருகுதோ? கையெழுத்து வைக்க முதல் சிங்குக்குக் கீழே ஒருக்காப் பாருங்கோ

எமது சங்கத்தின் குடும்ப ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்



எனக்கு முன்னுக்குப் பேசிய ஆசிரியை அம்மா புத்தாண்டைப் பற்றி அழகாகப் பேசினா. அதுக்குப் பிறகு நான் வந்து குசினிச் சிங்குக்குக் கீழே இருக்கிற விசயத்தைப் பேசப் போறன். குறை நினைக்கக் கூடாது. செயலாளர் அண்ணைதான் "நீ வீடு வீடாகப் போய்ச் சொல்லுறதை இஞ்ச ஒரே அடியாகச் சொல்லிவிடு" என்று என்னை இழுத்து வந்தவர்.

ஒவ்வொரு வருடமும் தை, மாசி மாதங்களில் எனக்கு வருகிற தொலைபேசி அழைப்புகளில் பாதி ஒரே கேள்விதான். "தம்பி, எங்கட வீட்டு ஆர்.ஓ. பில்ரரில் தண்ணி நூல் மாதிரி வருகுது. மாத்தத்தான் வேணுமோ?" நான் பொறியியலாளர் இல்லை. 2008இல் உயர்தரப் பரீட்சை எழுதினதோடு என்ரை படிப்பு நின்றது. இப்ப ஒரு குளிர்பானத் தொழிற்சாலையில் இரவு வேலை. அங்கே ஆள் உயரத்துக்கு மேலே நீட்டு நீட்டுக் குழாய்களாக இதே ஆர்.ஓ. இயந்திரம் நிற்குது. அதுக்குப் பக்கத்தில்தான் ஏழு வருடமாக நிற்கிறன். பராமரிப்புப் பகுதியில் ஒரு போலந்துக்காரக் கிழவர் இருந்தார். இப்ப ஓய்வு பெற்றிட்டார். அவர் எனக்குச் சொல்லித் தந்தது ஒண்டுதான்: முதலில் அளந்து பார், பிறகு கழட்டு. ஸ்காபுரோவில் கன வீடுகளுக்கு அது காசை மிச்சப்படுத்தித் தந்திருக்குது.

முதலில் இது என்ன சாமான் என்று பார்ப்போம். சாதாரண தரத்தில் விஞ்ஞானம் படிச்ச ஆட்களுக்கு உருளைக்கிழங்குப் பரிசோதனை நினைவிருக்கும். உருளைக்கிழங்குத் துண்டை உப்புத் தண்ணிக்குள் போட்டால் அது வாடிச் சுருங்கும். உள்ளே இருக்கிற தண்ணி மென்சவ்வுக்கு ஊடாக உப்பு இருக்கிற பக்கத்துக்குப் போகுது. அதுதான் பிரசாரணம். உப்பு இருக்கிற பக்கத்தில் அமுக்கம் கொடுத்தால் தண்ணி திரும்பி மற்றப் பக்கம் வரும், உப்பு அங்கேயே நிற்கும். இதுதான் ஆர்.ஓ. 1950களின் கடைசியில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப், சிறினிவாச சௌரிராஜன் என்ற இருவர் இதற்குப் பயன்படக்கூடிய மென்சவ்வைச் செய்து காட்டினார்கள். சௌரிராஜன் இந்தியாவில் பிறந்தவர். பிறகு கனடாவுக்கு வந்து ஒட்டாவாவில் வேலை செய்தவர். 2024இல் எங்கட தாளையடியில் கடல் தண்ணியைக் குடிதண்ணி ஆக்கத் தொடங்கிய நிலையமும் இதே தத்துவம்தான். கடல் தண்ணிக்குச் சதுர அங்குலத்துக்கு 800, 1000 இறாத்தல் அமுக்கம் வேணும். வீட்டுக்கு 40 முதல் 60 இறாத்தல் காணும். அது நகரசபைக் குழாயிலேயே வருகுது.

சிங்குக்குக் கீழே குனிஞ்சு பார்த்தால் இரண்டு, மூன்று போத்தல் மாதிரிக் கோதுகள் தெரியும். முதலாவது ஊத்தையைப் பிடிக்கிற பில்ரர். அடுத்தது கரி பில்ரர், குளோரினைப் பிடிக்கிறது. அதுக்கு மேலே படுத்துக்கொண்டு இருக்கிறதுதான் மென்சவ்வு, எல்லாரும் மெம்பிறேன் என்று சொல்லுறது. அதில் இருந்து இரண்டு ரியூப் புறப்படும். ஒன்று நல்ல தண்ணி, மற்றது கழிவு. பக்கத்தில் உருண்டையாக ஒரு தாங்கி. மெம்பிறேன் சொட்டுச் சொட்டாகத்தான் தண்ணி தரும். அந்தச் சொட்டுக்களைச் சேர்த்து வைச்சு, நீங்கள் குழாயைத் திறக்கேக்க ஒரேயடியாகத் தள்ளிவிடுறது தாங்கிதான்.

இதை விளங்கிக்கொண்டால் முக்கால்வாசி வேலை முடிஞ்சுது. "தண்ணி குறைவு" என்று எல்லாரும் ஒரே சொல்லில் சொன்னாலும் அது இரண்டு வருத்தம். ஒன்று, தண்ணி உண்டாகிறது குறைவு. மற்றது, உண்டான தண்ணி வெளியில் வராமல் கிடக்கிறது. இரண்டையும் பிரிச்சு அறிய ஒரு சாமானும் தேவையில்லை. இரவு முழுக்கக் குழாயைத் திறக்காமல் விட்டுப்போட்டு, காலமை தாங்கியைக் கையால் தூக்கிப் பாருங்கோ. வழமையான தாங்கி நிறைஞ்சிருந்தால் ஒரு அரிசிப் பை மாதிரிப் பாரமாக இருக்கும். பாரமாக இருந்தும் குழாயில் தண்ணி வராட்டில் பிழை தாங்கியில், அல்லது தாங்கிக்குப் பிறகு. தாங்கி இலேசாக இருந்தால் பிழை அதுக்கு முன்னுக்கு.

பாரமான தாங்கியை முதலில் எடுப்போம். தாங்கிக்குள் ஒரு றப்பர்ப் பை இருக்குது. பைக்குள் தண்ணி, பைக்கு வெளியில் காற்று. அந்தக் காற்றுத்தான் தண்ணியைத் தள்ளுறது. சைக்கிள் ரயர் மாதிரி, வருடக் கணக்கில் காற்று மெல்ல மெல்ல இறங்கிவிடும். அப்ப தாங்கி நிறையத் தண்ணி இருக்கும், ஆனால் தள்ள ஆள் இல்லை. முதல் ஒரு கோப்பை நல்லா வந்திட்டு அப்படியே படுத்துவிடும். இந்த அடையாளத்தை மறக்காதையுங்கோ.

செய்கிற முறை இதுதான். பில்ரருக்குத் தண்ணி வருகிற வால்வைப் பூட்டுங்கோ. குழாயைத் திறந்து, வரக்கூடிய தண்ணி எல்லாத்தையும் விடுங்கோ. குழாய் திறந்தபடியே இருக்கட்டும். தாங்கியின் அடிப் பக்கத்திலோ விலாவிலோ ஒரு சின்ன மூடி இருக்கும். கழட்டினால் சைக்கிள் வால்வு மாதிரியே ஒன்று தெரியும். சைக்கிள் பம்மால் மெதுவாக அடியுங்கோ. அடிக்க அடிக்க, தங்கி நின்ற தண்ணி குழாயால் கொட்டும். தண்ணி வருவது முழுக்க நின்ற பிறகு அளவியை வைச்சுப் பாருங்கோ. 5 இறாத்தலுக்கும் 8 இறாத்தலுக்கும் இடையில் இருக்க வேணும். நான் 7இல் விடுறனான். தண்ணி உள்ளே இருக்கேக்க அளந்தால் அந்தக் கணக்குப் பிழை. பெற்றோல் நிலையத்தில் கார் ரயருக்கு அடிக்கிற பம்மைக் கொண்டு வராதையுங்கோ, பை கிழிஞ்சுவிடும். காற்றுக் கூடினாலும் கூடாது. பிறகு தண்ணி நிற்க இடம் இருக்காது. வால்வை அமத்தேக்க காற்றுக்குப் பதிலாகத் தண்ணி வந்தால் பை கிழிஞ்சு போச்சு என்று அர்த்தம். அந்தத் தாங்கியைத் திருத்த ஏலாது, புதுத் தாங்கி வாங்க வேணும். ஆனாலும் தாங்கி மட்டும்தான், முழு இயந்திரமும் இல்லை.

காற்றும் சரி, தாங்கியும் பாரம், ஆனால் முதல் கோப்பையில் இருந்தே மெதுவாக வருகுது என்றால், தாங்கிக்கும் குழாய்க்கும் நடுவில் இருக்கிற கடைசிக் கரி பில்ரர் அடைச்சிருக்கும். அதை வருடத்துக்கு ஒருக்கா மாத்துறது நல்லது. தாங்கி வால்வு பாதி பூட்டிக் கிடக்குதோ என்றும் பாருங்கோ. அதோடு, சிங்குக்குக் கீழே நாங்கள் என்ன அடுக்கி வைச்சிருக்கிறம்? பெரிய சருவம், ஆட்டுக்கல்லு, வெங்காயச் சாக்கு. அது பின்னுக்குத் தள்ளுப்பட்டு ரியூப்பை மடிச்சுப்போட்டு இருக்கும். ஒரு வீட்டில் நான் இடியப்பத் தட்டுக் கட்டை எடுத்து வெளியில் வைச்சன். அவ்வளவுதான், தண்ணி வந்திட்டுது. அக்கா தேத்தண்ணி ஊத்தித் தந்தவ.

இனி இலேசான தாங்கி. இதில் முதலில் காலத்தைப் பாருங்கோ. மெம்பிறேனில் "நாளுக்கு 50 கலன்" என்று எழுதியிருக்கும். அது 25 பாகை செல்சியஸ் தண்ணிக்குச் சொன்ன கணக்கு. தண்ணி ஒரு பாகை குளிர்ந்தால் ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று பங்கு குறையும். எங்களுக்கு ஒன்ராறியோ ஏரித் தண்ணி. மாசி மாதத்தில் அது 4 பாகை அளவில் வரும். அப்ப மெம்பிறேன் நல்லா இருந்தாலும் பாதிதான் தரும். கோடையில் இரண்டு, மூன்று மணித்தியாலத்தில் நிறைகிற தாங்கி மாசியில் ஐந்து, ஆறு மணித்தியாலம் எடுத்தால் அது வருத்தம் இல்லை. சித்திரை, வைகாசியில் தானாகக் கூடும். ஒருவர் என்னட்டை, "அப்ப சுடுதண்ணிக் குழாயில் பூட்டினால் என்ன?" என்று கேட்டவர். கூடாது. 38 பாகைக்கு மேலே போனால் வீட்டு மெம்பிறேன் பழுதாகிவிடும்.

குளிர் மட்டும்தானோ, வேறு பிழையும் இருக்குதோ என்று அறிய அளந்து பார்க்க வேணும். தாங்கி வால்வைப் பூட்டுங்கோ. குழாயைத் திறந்து சில நிமிடம் ஓட விடுங்கோ. இப்ப வருகிறது மெம்பிறேனில் இருந்து நேராக வருகிற தண்ணி, மெல்லிய நூலாகத்தான் வரும், பயப்பட வேண்டாம். கேக் செய்யிற அளவுக் கோப்பையைப் பிடிச்சு, ஐந்து நிமிடத்தில் எத்தனை மில்லிலீற்றர் என்று பாருங்கோ. ஐந்தால் பிரிச்சால் ஒரு நிமிடக் கணக்கு. 50 கலன் மெம்பிறேன் என்றால் நிமிடத்துக்கு 130 மில்லிலீற்றர் அளவு, 75 கலன் என்றால் 200க்குக் கிட்ட. குளிர் காலத்தில் இதில் பாதியைச் சரி என்று எடுக்கலாம். நாங்கள் பார்த்த வீடுகளில் 60, 65 வந்த இடங்களில் ஒன்றையும் தொடாமல் வந்திட்டன். 20, 25 வந்தால் பிழை இருக்குது.

அதே நேரம் கழிவு ரியூப்பையும் கழட்டி வாளிக்குள் விட்டு அளவுங்கோ. பழைய மாதிரி இயந்திரங்களில் நல்ல தண்ணியைப் போல மூன்று, நாலு மடங்கு கழிவு போகும். கழிவு சொட்டும் போகவில்லை என்றால் கழிவைக் கட்டுப்படுத்துகிற சின்னத் துவாரம் அடைச்சுப் போச்சு. அது விரல் நுனி அளவுச் சாமான், சில டொலர்தான். ஆனால் அதைக் கவனியாமல் விட்டால், கழுவுப்பட்டுப் போக வேண்டிய சுண்ணாம்பு எல்லாம் மெம்பிறேனிலேயே படிஞ்சு அதையும் கெடுத்துப்போடும். மாறி, கழிவு வாய்க்கால் மாதிரி ஓடி நல்ல தண்ணி வராட்டில், அந்தச் சாமான் கழன்று போயிருக்கும், அல்லது மெம்பிறேனுக்குப் பொருந்தாத அளவில் போட்டிருப்பினம். அமுக்கம் எல்லாம் அதால் வெளியில் போகுது.

இரண்டும் குறைவு என்றால் மெம்பிறேனுக்கு முன்னுக்குத்தான் அடைப்பு. மெம்பிறேனுக்குப் போகிற ரியூப்பைக் கழட்டி வாளிக்குள் பிடிச்சு, தண்ணி வால்வைக் கொஞ்சம் திறந்து பாருங்கோ. பீச்சி அடிக்க வேணும். அடிக்காட்டில் முன் பில்ரர்கள் அடைச்சிருக்கும். ஆறு மாதத்தில் இருந்து ஒரு வருடத்துக்குள் மாத்த வேண்டியதை நாலு வருடம் வைச்சிருக்கிற வீடுகள் இருக்கு. புதுப் பில்ரர் போட்டும் வராட்டில், செப்புக் குழாயில் ஊசியால் குத்திப் பூட்டின வால்வின் துவாரம் அடைச்சிருக்கும். அந்த வகை வால்வைக் குழாய் வேலை தெரிந்த ஆளைக் கொண்டு மாத்துங்கோ, அதில் கை வைக்கச் சொல்லி நான் சொல்ல மாட்டன். நகரத்துக்கு வெளியில் கிணத்துத் தண்ணியில் இருக்கிற ஆட்களுக்கும், உயர்மாடிக் கட்டிடத்தில் மேல்தட்டில் இருக்கிற ஆட்களுக்கும் அமுக்கமே 40 இறாத்தலுக்குக் குறைவாக இருக்கக்கூடும். அப்படி என்றால் சின்னப் பம் ஒன்று பூட்டத்தான் வேணும்.

எல்லாம் சரி, கழிவும் சரி, முன்னுக்கும் பீச்சி அடிக்குது, ஆனால் நல்ல தண்ணி மட்டும் இல்லை. அப்பதான் மெம்பிறேன் முடிஞ்சுது என்று சொல்லலாம். அது இரண்டில் இருந்து ஐந்து வருடம் உழைக்கும். இன்னொன்று, தண்ணி திடீரென்று முந்தியை விட நல்லா வந்தாலும் சந்தோசப்படாதையுங்கோ. கரி பில்ரர் முடிஞ்சு குளோரின் மெம்பிறேனைத் தின்றிருந்தால் தண்ணி தாராளமாக வரும், ஆனால் வடிகட்டாமல் வரும். கரைஞ்ச உப்பை அளக்கிற பேனை மாதிரி ஒரு கருவி இருக்குது. எங்கட வீட்டில் குழாய்த் தண்ணி 200 அளவு காட்டும், வடிகட்டினது 15. வடிகட்டினது குழாய்த் தண்ணியின் பத்தில் ஒரு பங்குக்கு மேலே ஏறிக்கொண்டு போனால் மெம்பிறேனை மாத்துங்கோ.

தாங்கி நிறைஞ்ச பிறகும் கழிவு ஓடிக்கொண்டே இருந்தால், அது தண்ணி பில்லில்தான் தெரியும். வரும் வால்வைப் பூட்டிப் பாருங்கோ. கழிவு நின்றால் தானாகப் பூட்டுகிற வால்வு வேலை செய்யவில்லை, அல்லது அது பூட்டுகிற அளவுக்குக் குழாயில் அமுக்கம் இல்லை. பூட்டியும் கனநேரம் ஓடினால், தாங்கித் தண்ணியே பின்னால் திரும்பிப் போகுது, ஒருவழி வால்வு பழுது. இரண்டும் சின்னச் சாமான்கள்.

இப்ப நான் ஏன் இவ்வளவு விபரமாகச் சொல்லுறன் என்று கேட்கலாம். போன மாசியில் ஒரு இரவு வேலைக்கு வெளிக்கிடேக்க ஒரு அம்மா தொலைபேசி எடுத்தா. "தம்பி, ஒரு பொடியன் வந்து நிற்கிறான். ஐயா பேனையைக் கையில் எடுத்திட்டார். உம்மட்டை ஒருக்காக் கேட்டுப்போட்டு வைக்கச் சொல்லி நான் மறிச்சு வைச்சிருக்கிறன்" என்றா. இரண்டு பேரும் ஓய்வூதியத்தில் சீவிக்கிற ஆட்கள். அவையின்ரை இயந்திரம் முழுக்கப் பழுது, புதிசு பூட்ட வேணும், மாதம் 60 டொலர் வாடகை, பத்து வருடம் என்று சொல்லியிருக்கிறான். பெருக்கிப் பாருங்கோ, 7,200 டொலர். பொடியனும் தமிழில்தான் கதைச்சவன். அதுதான் ஐயாவுக்கு நம்பிக்கை. நான் ஐயாவிட்டை, "நாளைக்குக் காலமை நான் வருமட்டும் பேனையை மூடி வையுங்கோ ஐயா" என்றன். காலமை வேலை முடிஞ்சு நேரே போனன். தாங்கி நல்ல பாரம். காற்று 1 இறாத்தலும் இல்லை. பேரப்பிள்ளையின் சைக்கிள் பம் கராஜில் கிடந்தது. கால் மணித்தியால வேலை. ஐயா கன நேரம் ஒன்றும் கதைக்காமல் குழாயைத் திறந்தும் பூட்டியும் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தப் பொடியன் அவர்களுக்கு ஒரு வித்தையும் காட்டியிருக்கிறான். இரண்டு கோப்பை, ஒன்றில் குழாய்த் தண்ணி, மற்றதில் வடிகட்டின தண்ணி. மின்சாரக் கம்பியை விட்டவுடனே குழாய்த் தண்ணி மண்ணிறமாக மாறியிருக்குது. "இதைத்தான் குடிக்கிறீங்கள்" என்றானாம். அந்த நிறம் தண்ணியில் இருந்த ஊத்தை இல்லை. கம்பியில் இருக்கிற இரும்பு கரைஞ்சு வருகிற துரு. குழாய்த் தண்ணியில் கல்சியம் போன்ற கனியுப்புகள் இருக்கிறபடியால் மின்சாரம் ஓடுது. வடிகட்டின தண்ணியில் உப்பு இல்லாதபடியால் ஓடாது. வடிகட்டின தண்ணிக்குள் ஒரு நுள்ளு கறி உப்புப் போட்டு அதே வித்தையைச் செய்யச் சொல்லுங்கோ, அதுவும் மண்ணிறமாகும்.

சட்டத்தையும் தெரிஞ்சு வைச்சிருங்கோ. ஒன்ராறியோவில் 2018 மார்ச் 1 தொடக்கம், நீங்கள் கூப்பிடாமல் வீட்டு வாசலுக்கு வந்து தண்ணி பில்ரர், சுடுதண்ணித் தாங்கி, உலை, குளிரூட்டி போன்றவற்றுக்கு ஒப்பந்தம் எழுத முடியாது. எழுதினாலும் அது செல்லாது. நீங்களே கூப்பிட்டு வீட்டில் வைச்சுக் கையெழுத்திட்டாலும், ஒப்பந்தப் பிரதி கையில் கிடைச்சதில் இருந்து 10 நாளைக்குள் காரணம் சொல்லாமல் விடலாம். முந்தி இப்படி வாடகைக்குப் பூட்டின சாமானுக்காக வீட்டு உறுதியிலேயே உரிமை பதிந்து வைச்சிருந்தவை. வீடு விற்கப் போகேக்கதான் கன பேருக்குத் தெரிய வந்தது. 2024 ஜூனில் வந்த சட்டத்தோடு வீட்டுப் பாவனைப் பொருட்களுக்கு அப்படிப் பதிகிறது நிறுத்தப்பட்டது. பழைய ஒப்பந்தம் இருக்கிற ஆட்கள் கடதாசியை எடுத்துக்கொண்டு சட்ட உதவி நிலையத்துக்குப் போங்கோ. என்னட்டைக் கொண்டு வராதையுங்கோ, எனக்குத் தாங்கிதான் தெரியும்.

கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டா, "அப்ப இந்த ஆர்.ஓ. தேவைதானோ?" என்று. நல்ல கேள்வி. ரொறன்ரோ நகரசபைத் தண்ணி குடிக்கக்கூடிய தண்ணி. யாழ்ப்பாணத்தில் சுண்ணக்கல்லுக் கிணத்துத் தண்ணி காய்ச்சிக் கேத்தில் முழுக்க வெள்ளை படிஞ்சதைப் பார்த்த எங்களுக்கு, வடிகட்டினால்தான் மனம் ஆறும். அது வேற கதை. ஆனால் 1950களின் நடுப்பகுதிக்கு முன்னர் கட்டின வீடுகளில், வீதிக் குழாயில் இருந்து வீட்டுக்கு வருகிற குழாய் ஈயமாக இருக்கக்கூடும். அப்படி வீட்டில் குழந்தைக்குப் பால்மா கரைக்கிற ஆட்கள் கட்டாயம் பரிசோதிக்க வேணும். ஈயத்தைக் குறைக்கும் என்று சான்றுபெற்ற பில்ரர் அவர்களுக்குத் தேவை. மற்ற ஆட்களுக்கு அது விருப்பம். வாங்குகிறது என்றால் கடையில் விலைக்கு வாங்குங்கோ, வாடகைக்கு வேண்டாம். பெட்டியில் என்.எஸ்.எஃப். 58 என்ற தரக் குறி இருக்குதோ என்று பாருங்கோ.

பில்ரர் மாத்தேக்க கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கோ. கோதுகளின் றப்பர் வளையத்தைத் துடைச்சு, அது இருந்த இடத்திலேயே வையுங்கோ. புது மெம்பிறேன் போட்டால் முதல் நிறைகிற தாங்கித் தண்ணியைக் குடிக்காமல் ஊத்திவிடுங்கோ. தண்ணி கொஞ்ச நாளைக்குப் பால் மாதிரி வெள்ளையாகத் தெரிஞ்சால் அது காற்றுக் குமிழி. கோப்பையை வைச்சுப் பார்த்தால் அடியில் இருந்து தெளியும்.

கடைசியாக ஒரு அறிவித்தல். கார் ரயர் அளவி 10 இறாத்தலுக்குக் கீழே சரியாகக் காட்டாது. ஆகவே 0 முதல் 15 இறாத்தல் வரை காட்டுகிற அளவி ஒன்றும், உப்பு அளக்கிற கருவி ஒன்றும் சங்கத்துக்கு வாங்கி வைச்சிருக்கிறம். நூலகப் புத்தகம் மாதிரிப் பேர் எழுதிப்போட்டுக் கொண்டு போகலாம். போன முறை கொண்டுபோன ஆள் யாரோ இன்னும் திருப்பித் தரவில்லை, பொருளாளர் அக்கா என்னைத்தான் பிடிக்கிறா. தயவுசெய்து அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் கொண்டு வந்து தாருங்கோ.